வான்கூவருக்குப் போன முளைப்பாலிகை

போன கோடையில் என் மகன் புது மின்சாரக் காரில் வான்கூவர் வரை போய்வந்தான். வெளிக்கிட முதல் என் அறைக்கு வந்து, வழியில் எந்த ஊரில் தங்கினால் நல்லது என்று கேட்டான். அவன் கையில் போன் இருந்தது. எங்கே சார்ஜ் பண்ணுவது, எங்கே படுப்பது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. என்னிடம் கேட்டது மரியாதைக்குத்தான். வாவா என்ற ஊரில் சாப்பாடு சரியில்லை என்று சொன்னேன். அந்தச் சாப்பாடு முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியது என்பது அவன் போன பிறகுதான் நினைவு வந்தது.

ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் நாலைந்து கிழவர்கள் காலையில் கூடும் கோப்பிக் கடையில், எங்கள் ஆட்களில் முதல் முதல் காரில் வான்கூவர் போனது யார் என்று சில நேரம் ஒரு வழக்கு எழும்பும். ஒருவர் தன் மச்சான் என்பார். இன்னொருவர் தன்னோடு வேலை செய்தவன் என்பார். நான் அதில் வாய் வைப்பதில்லை. நான் போனது உண்மை. முதலாவதா என்று தெரியாது. என்னோடு வெளிக்கிட்ட இரண்டு பேர் இடையில் இறங்கிவிட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் அங்கே கல்யாணம்.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். நான் ஊரில் லொறி ஓட்டியவன். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் ஏற்றி, கொழும்பில் இறக்கி, வரும்போது சீமெந்து ஏற்றி வருவேன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. இங்கே வந்து பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நின்றேன். வாளிகள் சூடாக வந்து விழும். பிடியைப் பொருத்தி அடுக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

அந்த வீட்டில் இருந்த ஒருவனுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. அவனை இனி மாப்பிள்ளை என்றே சொல்கிறேன். முப்பது வயது இருக்கும், ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினான். பொம்பிளை வான்கூவரில் தமையனோடு இருந்தாள். தமையன் ஒரு மீன் தொழிற்சாலையில் இருந்ததால், மாப்பிள்ளையும் கல்யாணத்தோடு அங்கேயே போய்த் தங்கி அந்த வேலைக்குச் சேர்வதாக முடிவு. ஆகவே மூட்டை முடிச்சு எல்லாம் போக வேண்டும். அதற்காக ஒரு பழைய நீளக் கார் வாங்கினான். மண்ணிறம். பின்பக்கத்தில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம்.

ஆனால் கார் வாங்கிய உண்மையான காரணம் மூட்டை இல்லை. மூட்டையை ரெயிலில் போட்டுவிட்டு ஆள் பிளேனில் போயிருக்கலாம். மாப்பிள்ளை பிளேனில் ஏறமாட்டான். அவன் இந்த நாட்டுக்கு வேறொருவனின் பாஸ்போட்டில் வந்தவன். பிளேன் இறங்க முன்னர் அதைக் கிழித்துக் கழிப்பறைக்குள் போட்டவன். அகதி வழக்கு முடியவில்லை. எயார்ப்போட் என்றால் இமிகிறேசன், இமிகிறேசன் என்றால் திருப்பி அனுப்புவது. அவன் தலைக்குள் அது மூன்றும் ஒன்றுதான். நாட்டுக்குள்ளேயே ஓடும் பிளேனுக்கு அதெல்லாம் இல்லை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் ஆறு பேரும் அப்படி வந்தவர்கள்தான். கையில் கடதாசி வரும்வரை எயார்ப்போட் வாசலை மிதிப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்திருந்தான். அதைப் பற்றி ஒருவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இங்கே இருந்த ஒரே பெரியவர் அவனுடைய சித்தப்பா. ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கூப்பன் பார்த்துக் கொடுத்தவர். எந்த விஷயத்திலும் ஒரு விதி இருக்கிறது என்றும், அந்த விதிக்குள் ஒரு வழி இருக்கிறது என்றும் நம்புவார். அவர் என்னை டிறைவர் என்று கூப்பிடுவார். நான் அவரை அண்ணை என்பேன்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு பொன்னுருக்கு. தாலிக்கு வேண்டிய பவுணை மாப்பிள்ளை வீட்டில் வைத்துத் தட்டார் உருக்க வேண்டும். பதினாலாம் மாடியில் உருக்கினோம். தட்டாருக்கு ஆள் கிடைத்தது பெரிய பாடு. கட்டடம் துப்புரவு செய்யும் ஒருவர் ஊரில் தட்டாராக இருந்தார் என்று கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். அவர் ஊத, கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. ஒருவர் கதிரையில் ஏறி நின்று தட்டத்தால் விசுக்கினார். பக்கத்து வீட்டு மனுஷி வந்து கதவைத் தட்டினாள். அவளுக்கு வாழைப்பழமும் பலகாரமும் கொடுத்து அனுப்பினோம். பவுண் நல்லாக உருகியது. விடிய முதல் தட்டாரே அதைத் தாலியாக்கித் தந்தார்.

அன்றைக்கே முளைப்பாலிகையும் போட்டார்கள். நவதானியத்தை மண் நிரப்பிய சட்டிகளில் விதைத்து, கல்யாணம் முடிந்தபின் தண்ணீரில் கொண்டுபோய் விடுவது. சட்டி இல்லாதபடியால் மூன்று தயிர்ப் பேணிகள். மண் கீழே பூங்காவில் எடுத்தது. இரண்டு சுமங்கலிப் பெண்கள் வந்து விதைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள்.

இதில்தான் சிக்கல். பொன் உருக்கினால் பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, நிலத்தில் இறங்கித் திரியக்கூடாது. எங்கள் மாப்பிள்ளையோ கனடாவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். சித்தப்பா ஒரு இரவு யோசித்தார். காலையில் விதி வந்தது. காரும் வீடுதான். அதற்குள் முளைப்பாலிகை இருக்கிறது, சாமிப்படம் இருக்கிறது, உருக்கிய பொன் இருக்கிறது. லிப்ட், நடை, நிலக்கீழ்க் கார் நிறுத்துமிடம் எல்லாம் அதே கட்டடத்தின் சீமெந்து. சீமெந்து நிலமில்லை. செருப்போடு சீமெந்தில் கால் வைக்கலாம். மண்ணிலும் புல்லிலும் வைக்கக்கூடாது.

"டிறைவர், நீ எங்க நிப்பாட்டினாலும் சீமெந்து பாத்து நிப்பாட்டு," என்றார்.

அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு முகூர்த்தம். நாங்கள் திங்கள் காலை வெளிக்கிட்டோம். வான்கூவருக்கு எத்தனை நாள் என்று என்னிடம்தான் கேட்டிருந்தார்கள். நான் ரோட்டு மப்பை, வரைபடத்தைத்தான், விரித்து விரலால் அளந்தேன். லொறிக்காரர் அப்படித்தான் அளப்போம். ரொறன்ரோவிலிருந்து மேலே முதல் பக்கத்தில் ஒரு விரலுக்கு இவ்வளவு ஓட்டம் என்று பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கத்தையும், அதோடு ஒட்டிய மேற்குப் பக்கத்து மப்பையும் அதே கணக்கில் எண்ணினேன். நாலு நாள் என்றேன். இரண்டு நாள் கையிருப்பு. அமெரிக்காவுக்குள்ளால் போனால் வழி இன்னும் சுருக்கம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் கடதாசிக்கு அந்தப் பக்கம் நினைக்கவும் ஏலாது. பெரிய ஏரியின் வடக்குக் கரையால்தான் போக வேண்டும்.

முதல் நாள் நல்லாகப் போனது. நான் ஓட்டினேன். சித்தப்பா முன்னுக்கு, மடியில் ஒரு சின்னத் தகரப் பேணி, அதற்குள் தாலி. மாப்பிள்ளை பின்னுக்கு மூட்டைகளுக்கு நடுவில். முளைப்பாலிகை பின் கண்ணாடியடியில், வெயில் படும்படி. மூன்று நாளைக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தோம். இரண்டாம் நாளே சம்பல் புளித்து, கார் முழுக்க மணந்தது. பெற்றோல் அடிக்கும் இடமெல்லாம் சீமெந்துதான், அதில் கரைச்சல் இல்லை. ஒரு இடத்தில் கழிப்பறைக்குப் போகும் வழியில் பத்தடி புல் இருந்தது. சித்தப்பா காரின் தரைவிரிப்புகளை இழுத்து எடுத்து, ஒன்றுக்கு முன் ஒன்றாகப் போட, மாப்பிள்ளை அதில் நடந்து போனான். பெற்றோல் அடிக்க வந்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கையிலிருந்ததைத் தின்னாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாள் பின்னேரம், ஏரிக்கரை மலைகளில் பனி கொட்டத் தொடங்கியது. சித்திரை பிறந்துவிட்டது, ரொறன்ரோவில் கோட்டுகளை மடித்து வைத்தாயிற்று; இங்கே தை மாதம் மாதிரி. ஒரு ஏற்றத்தில் கார் சறுக்கி ஓரத்துப் பனிக்குள் இறங்கியது. தள்ள வேண்டும். நானும் சித்தப்பாவும் இறங்கினோம். மாப்பிள்ளையும் கதவைத் திறந்தான்.

"நீ எங்க போறாய்?" என்றார் சித்தப்பா.

"பனிதானே சித்தப்பா. பனி நிலமோ?"

"பனிக்குக் கீழ நிலம் கிடக்கு. உள்ளுக்க இரு."

ஆகவே லைசென்ஸ் இல்லாத மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஐம்பத்தாறு வயதுச் சங்கக்கடை மனேச்சரும் நானும் முழங்கால் பனியில் நின்று தள்ளினோம். அவர் ஒரு கையால் தாலி இருந்த மடியைப் பிடித்தபடி மற்றக் கையால் தள்ளினார். அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தது. வாவாவுக்குப் போய்ச் சேர, பொலிஸ் ரோட்டுக்குக் குறுக்கே காரை விட்டு மறித்துக்கொண்டு நின்றது. மேலே ரோட்டு மூடியாயிற்று.

ஒரு மொட்டேலில் இரண்டு இரவு கிடந்தோம். வாசல் சீமெந்து. அந்த மொட்டேல் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. மேல்மூடி இல்லாத ஒரு கார், சக்கரம் எல்லாம் சேறு, பக்கத்தில் கயிறு, கோடரி, பலகைத் துண்டுகள். இரண்டு பேர் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். முகத்தில் சிரிப்பில்லை. வேறு வேலை இல்லாதபடியால் நான் அதை நிறைய நேரம் பார்த்தேன். மொட்டேல்காரக் கிழவர் வந்து கதை சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. சித்தப்பா மீதியைச் சொன்னார்.

கார் என்ற சாமான் வந்த புதிதில், இந்த நாட்டை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காரில் கடப்பதாகச் சிலர் வெளிக்கிட்டார்களாம். வழி என்று ஒன்றும் இல்லை. சேற்றில் பலகை போட்டு ஏற்றுவது, குதிரை பிடித்து இழுப்பது, ஆறு வந்தால் ரெயில் பாலத்தில் தட தட என்று ஓட்டுவது. வெளிக்கிட முதல் கிழக்குக் கடலில் பின் சக்கரத்தை நனைத்து, ஒரு போத்திலில் அந்தக் கடல் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போவார்களாம், மேற்குக் கடலில் ஊற்ற.

"அவங்களுக்கும் ஒரு ஐயர் இருந்திருக்கிறார் போல," என்றார் சித்தப்பா.

ஆனால் இந்த ஏரிக்கரைக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிடுவார்கள். காடும் கல்லும். வழியே இல்லை. அந்தத் துண்டுக்கு மட்டும் காரை ரெயிலிலோ கப்பலிலோ ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் இறக்கித் திரும்ப ஓட்டுவார்கள். தான் பெரியவனான பிறகுதான் நாங்கள் வந்த ரோட்டைப் போட்டார்கள் என்று கிழவர் சொன்னார்.

சித்தப்பாவுக்கு அது சரிவரவில்லை. அப்படியென்றால் அவர்கள் காரில் கடக்கவில்லை, கார்தான் ரெயிலில் போனது என்று என்னிடம் சொன்னார். மொட்டேல்காரரிடமும் தன் இங்கிலீசில் சொன்னார். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். போய்ச் சேர்ந்தார்கள்தானே என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டான். சேர்ந்தது வேறு, கடந்தது வேறு என்றார் சித்தப்பா. இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். வெளியே பனி நின்றபாடில்லை. முளைப்பாலிகையை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். பயறு முதலில் தலை நீட்டியிருந்தது.

அன்று இரவு சித்தப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மப்பை விரித்தார். கனநேரம் பார்த்தார்.

"டிறைவர், நீ அளந்தது எந்த விரல்?"

காட்டினேன்.

"இந்தப் பக்கத்தில ஒரு விரலுக்கு எத்தினை மைல் எண்டு கீழ போட்டிருக்கு. அந்தப் பக்கத்தில வேற போட்டிருக்கு. ரெண்டும் ஒண்டில்லை."

மூலையில் ஒரு கோடு போட்டுச் சின்ன எழுத்தில் இருந்ததை நான் அதுவரை கவனித்ததில்லை. அது அச்சடித்தவனின் பெயர் என்று நினைத்திருந்தேன். வடக்குப் பக்கத்து மப்பைச் சுருக்கிப் போட்டிருக்கிறான். அங்கே ஒரு விரல் என்றால் இங்கே இரண்டு. நாலு நாள் என்றது ஆறு நாள். கையிருப்பு என்று ஒன்றும் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது இரண்டு நாள் பனியிலும் போய்விட்டது.

சித்தப்பா ஏசவில்லை. மப்பை வந்த மடிப்பிலேயே மடித்தார். மாப்பிள்ளை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், நித்திரை இல்லை.   முகூர்த்தம் தவறினால் அந்த வருஷத்தில் வேறு நாள் அமையாது என்று பொம்பிளை வீட்டு ஐயர் முன்பே சொல்லியிருந்தார். பொம்பிளையின் தாய்க்கு முதலே அரைமனம். கோப்பை கழுவுகிறவன், கடதாசி இல்லாதவன். ஒரு சாட்டு வந்தால் போதும்.

வியாழன் மத்தியானம் ரோட்டைத் திறந்தார்கள். மிச்ச வழியை இரவு பகலாக ஓடினால் ஞாயிறு விடியப் போகலாம் என்று இந்த முறை சித்தப்பா கணக்குப் பார்த்தார். நான் ஓட்டினேன். லொறியில் இரண்டு இரவு முழித்த பழக்கம் இருந்தது. தண்டர் பே வரை பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தோம். பிறகு காடு, குளம், காடு, குளம். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுதுபட, கெனோராவைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், காரின் முன்பக்கத்தில் ஒரு கீச்சுச் சத்தம். பிறகு ஆவி. சூட்டு முள் மேலே போய்விட்டது. மூடியைத் திறந்த உடனேயே எனக்கு விளங்கியது. தண்ணீர்ப் பம்பு. அதன் அச்சு ஆடியது. லொறியில் இதற்கு நான் ரயர் ரியூப்பை வெட்டிக் கட்டிப் பத்து மைல் ஓட்டியிருக்கிறேன். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அது நடக்காது.

கார் திருத்தும் ஒரு காராச்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான். காராச் முற்றம் கல்லும் சேறும். அன்று இரவு மூன்று பேரும் காருக்குள்ளேயே கிடந்தோம். சனி காலை அவன் மூன்று இடத்துக்குப் போன் அடித்துவிட்டு வந்து, பம்பு திங்கள்தான் வரும் என்றான். நான் அதை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை, திங்கள் என்ற சொல் இருவருக்கும் விளங்கியிருந்தது.

அப்போது ஒரு லொறி டீசல் அடிக்க வந்து நின்றது. பெரிய மரக்குற்றிகள். வின்னிபெக் போகிறது என்று ஓட்டி வந்தவனிடம் கேட்டு அறிந்தேன். நான் லொறியைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். ரயர்களைப் பார்த்தேன், பாரம் கட்டிய சங்கிலியைப் பார்த்தேன். சங்கிலி ஒவ்வொரு கண்ணும் ஒரே இறுக்கம். அப்படிக் கட்டுகிறவன் ஆட்களையும் பத்திரமாகக் கொண்டுபோவான். வின்னிபெக்கில் எயார்ப்போட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பிள்ளையைப் பார்க்க வான்கூவருக்குத் தானும் அங்கேயிருந்துதான் போய் வருவதாகச் சொன்னான். பாஸ்போட் கேட்பார்களா என்று கேட்டேன். அவன் என்னை விளங்காமல் பார்த்தான். கனடாவுக்குள் போவதற்கு எதற்குப் பாஸ்போட் என்று கேட்டான். வின்னிபெக் வரை இரண்டு பேரை ஏற்றச் சம்மதித்தான்.

நான் வந்து இதைச் சொன்னேன். மாப்பிள்ளை காருக்குள் இருந்து அசையவில்லை. லொறிக்காரனுக்கு இது தெரியாது, வெள்ளைக்காரனைக் கேட்கமாட்டார்கள், எங்களைக் கேட்பார்கள் என்றான். பிடித்தால் தன் வழக்கு முடிந்தது, திருப்பி அனுப்புவார்கள், கல்யாணமும் இல்லை என்றான்.  அவன் சொன்னதில் பிழை இருக்கிறது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் அறிவு போதாது. லொறிக்காரன் டீசல் அடித்து முடித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தான்.

சித்தப்பா இறங்கினார். சப்பாத்துச் சேற்றுக்குள் புதைந்தது. சுற்றிப் பின்பக்கத்துக்கு வந்து மாப்பிள்ளையின் கதவைத் திறந்தார்.

"இறங்கு மோனை."

மாப்பிள்ளை கீழே பார்த்தான். "சீமெந்தில்லை சித்தப்பா."

"தெரியும். காலை வை."

"பொன்னுருக்கினது..."

"பொன்னுருக்கினது நான். நான் சொல்லுறன், வை. பிளேன் ஏறினால் பிறகு நிலம் படாதுதானே."

மாப்பிள்ளை வலது காலைச் சேற்றில் வைத்தான். இரண்டு நாள் காருக்குள்ளேயே கிடந்தபடியால் கால் விறைத்து, நிற்க முடியாமல் கதவைப் பிடித்தான். சித்தப்பா தோளைக் கொடுத்தார். வேறொரு நேரமென்றால் நாங்கள் சிரித்திருப்போம். சித்தப்பா மடியைத் தடவிப் பார்த்தார், வேட்டி சால்வைப் பெட்டியை எடுத்தார், லொறியின் உயரத்தில் ஏறுவதற்கு நான் பின்னால் நின்று தூக்கிவிட்டேன். கதவைச் சாத்த முதல் அவர் கண்ணாடியால் தலையை நீட்டினார்.

"பாலிகைக்குத் தண்ணி தெளி. நாலாஞ் சடங்குக்கு எண்டாலும் வந்து சேர், டிறைவர்."

லொறி போனது. அவசரத்தில் அவர்கள் சாமிப்படத்தை விட்டுவிட்டுப் போனதைப் பிறகுதான் கண்டேன்.

காராச்காரனின் வீடு காராச்சுக்குப் பின்னால். அவன் மனுஷி எனக்கு ஒரு சிறிய அறையைக் காட்டினாள். காராச்காரனின் போன் நம்பரை ஒரு கடதாசியில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை போன் வரவில்லை. பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிடித்தால் சித்தப்பாவுக்குப் போன் அடிக்க விடுவார்களா என்று யோசித்தேன். முளைப்பாலிகைக்குத் தண்ணீர் தெளித்தேன். நெல்லும் எள்ளும் இன்னும் வரவில்லை. பயறும் உழுந்தும் வெளுத்து நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றன. பேணிகளை அரைவட்டம் திருப்பி வைத்தேன்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு, போன் இருந்த நடையில் ஒரு கதிரையில் இருந்தேன். என் மணிக்கூடு பத்தரை காட்டியது. கட்டியிருக்க வேண்டும். பதினொன்று. போன் இல்லை. பன்னிரண்டு. காராச்காரனின் மனுஷி வந்து ஏதோ கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். ஒரு மணி. எல்லாவற்றுக்கும் காரணம் என்னுடைய இந்த விரல் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வான்கூவரில் விடிவதே மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் என்பது எனக்குத் தெரியாது. மணிக்கூட்டையும் ரொறன்ரோவில் இருந்தபடியே விட்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கிட்டப் போன் அடித்தது. அவள் எடுத்து, என்னிடம் நீட்டினாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது, கசற்றில் போட்டிருக்கிறார்கள்.

"கட்டியாச்சு," என்றார் சித்தப்பா. பிறகு, "சம்பல் பேணியை எறிஞ்சு போட்டியோ?" என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

திங்கள் மத்தியானம் பம்பைப் பூட்டி, நான் தனிய வெளிக்கிட்டேன். அந்த ஓட்டத்தைப் பற்றி மகன் கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம், அவன் கேட்டது தங்கும் இடங்களைத்தான். வின்னிபெக்குக்கு அப்பால் நிலம் தட்டம் மாதிரி. ரோட்டு நேர். தூரத்தில் ஒரு உயரமான தானியக் களஞ்சியம் தெரியும். அதை அடைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். விரலால் அளக்கிறவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நான் பின் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் மூன்று தயிர்ப் பேணிகளும் அவற்றுக்கு மேலே புல்லும்தான் தெரிந்தது. ஆள் துணைக்கு இருக்கிற மாதிரித்தான். நித்திரை வந்தால் ஓரத்தில் நிறுத்திக் கொஞ்சம் கண் மூடுவேன். சீமெந்து பார்க்க வேண்டியதில்லை என்றாலும் பழக்கத்தில் சீமெந்து பார்த்தே நிறுத்தினேன். பிறகு மலை வந்தது. அதில் பிரேக்கை மிதித்த கால் இரண்டு நாள் நொந்தது.

புதன்கிழமை பொழுதுபட முதல் பொம்பிளை வீட்டைக் கண்டுபிடித்தேன். நாலாஞ் சடங்குச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நாலாம் நாள் மச்சம், மீனும் இறைச்சியும், சமைத்துப் போடுவது வழக்கம். ஆட்டிறைச்சி மணம் ரோட்டுவரை வந்தது. நான் போனதும் பொம்பிளையின் தாய் முதலில் கேட்டது பாலிகை எங்கே என்று. எடுத்துக் காட்டினேன். நவதானியம் ஒன்பதும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எள்ளுக்கூட வந்திருந்தது. நல்ல கை என்றாள். யாருடைய கை என்று கேட்கவில்லை.

சாப்பிட்டதும் கடற்கரைக்குப் போனோம். சித்தப்பா, பொம்பிளையின் தாய், மாப்பிள்ளை பொம்பிளை, நான். மண்ணிறக் காரில்தான். அந்த ஊர்க் கடல் பெருகும் வேகம் எனக்குத் தெரியாது. மணலோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். பொம்பிளை பேணிகளிலிருந்து முளைகளை மண்ணோடு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். மாப்பிள்ளை களிசானை மடித்துவிட்டு, வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நின்றான். சித்தப்பா அவன் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எயார்ப்போட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் களிசானை இன்னும் ஒரு மடிப்பு மேலே இழுத்துவிட்டான்.

"கவுன்ரருக்குப் போனவுடன நானே ரெண்டு கையையும் மேல வைச்சிட்டன் அண்ணை. என்ர சொந்தப் பேரைச் சொன்னன், ஊரைச் சொன்னன், அகதி எண்டதையும் சொன்னன். அவள் ஒண்டும் எழுதேல்லை. ஜன்னல் பக்கமோ நடைப் பக்கமோ எண்டு கேட்டாள்."

"நீ என்ன சொன்னனீ?"

"எனக்கு விளங்கேல்லை. சித்தப்பாதான் ஜன்னல் எண்டவர்."

நாங்கள் திரும்பி நடக்கும்போது காரின் முன் சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் நின்றன. எல்லோருமாகத் தள்ளினோம், இந்த முறை மாப்பிள்ளையும் தள்ளினான்.

நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். சித்தப்பா பிளேனில் வந்தார். அவர் காலமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. மாப்பிள்ளை இப்போது தாத்தா. வருஷப்பிறப்புக்கு எனக்குப் போன் எடுப்பான். தன் கல்யாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து காரில் வந்ததாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான் என்று அவன் மனுஷி சொன்னாள். இந்த வருஷம் அவள் போனை வாங்கி, பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, அவர் முழு வழியும் காரில்தானே வந்தவர், நீங்கள்தானே கூட வந்தீர்கள் என்று கேட்டாள். பின்னால் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. தாலி கட்டும்போது அவனுடைய கால் நகங்களுக்குள் கெனோராச் சேறு இருந்திருக்கும், அதை இவள் கண்டிருக்கவும் கூடும்.

ஓம் பிள்ளை, வந்தவர் என்றேன்.